குவாதலூப்பில் தமிழர் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு

"கரீபியன் கடலில் குவாதலூப் என்றொரு தீவு, அங்கே மாரியம்மன் கோயில், தெருவெல்லாம் ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்கள், கடல் கடந்து ஆண்ட தமிழன்" என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் அடிக்கடி வலம் வருகிறது. கோயிலும் பெயர்களும் உண்மை. ஆண்டதாகச் சொல்வது உண்மையில்லை. அவர்கள் கரும்பு வெட்டப் போனவர்கள். யாருடைய இடத்தில் வெட்டப் போனார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தீவைப் பற்றிப் பெருமை பேசுவது, அங்கே வாழ்ந்து மாண்ட எல்லோருக்கும் செய்யும் அநீதி என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பயணம் பற்றிய கேள்விகளுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

முதலில், குவாதலூப் தனி நாடு இல்லை. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோ செல்லும், மக்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். மக்கள்தொகை நான்கு லட்சத்துக்குள். வரைபடத்தில் வண்ணத்துப்பூச்சி போலத் தெரிவது இரண்டு தீவுகள்: மேற்கே எரிமலையும் மழைக்காடும் கொண்ட பாஸ்-தேர், கிழக்கே கரும்புக் காடும் வெள்ளை மணலும் கொண்ட கிராந்த்-தேர். நடுவில் ஒரு குறுகிய உப்பங்கழி ஓடுகிறது. மாரி-கலாந்த், லே சேன்த், லா தெசிராத் ஆகியவை பக்கத்துச் சிறு தீவுகள்.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்தது 1635இல். சர்க்கரைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1794இல் அடிமைமுறை ஒழிந்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினான். கறுப்பினப் படைத்தலைவர் லூயி தெல்கிரெஸ் எதிர்த்து நின்றார். தோல்வி உறுதியானதும், அடிமையாகத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்து, 1802 மே 28 அன்று மாத்தூபா என்ற இடத்தில் ஏறக்குறைய 300 தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். விடுதலை மீண்டும் வர 1848 ஆயிற்று. அந்த விடுதலையின் நினைவாக இன்றும் மே 27 அங்கே பொது விடுமுறை.

நம்மவர்கள் கதைக்குள் வருவது இதற்குப் பிறகுதான். விடுதலை பெற்றவர்கள் தோட்டத்தை விட்டு விலகினார்கள், அல்லது நியாயமான கூலி கேட்டார்கள். முதலாளிகள் அதைக் கொடுக்க விரும்பவில்லை. கூலியை உயர்த்தாமல் கரும்பு வெட்ட வேறு ஆட்களைத் தேடினார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கண்ணில் பட்டன. 1854 டிசம்பர் கடைசியில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைப் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கடற்பயணம். 1861இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி திறந்தது. பிற்பாடு கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. உழைப்பாளிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்துப் பிரிட்டிஷ் அரசே 1888இல் இதை நிறுத்தியது. அதற்குள் ஏறக்குறைய 42,000 பேர் போய்விட்டார்கள். ஒப்பந்தத்தில் திரும்பும் உரிமை எழுதியிருந்தும், ஊர் திரும்பியவர்கள் கால்பங்குக்கும் குறைவு. மீதிப் பேரில் பெரும்பகுதியைக் கரும்புத் தோட்டமும் காய்ச்சலும் தின்றன.

ஆக, விடுதலையானவர்களின் கூலியை அமுக்கி வைக்கவே நம்மவர்களைக் கொண்டு போனார்கள். அதனால் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அவர்களை வெறுப்போடு பார்த்த காலமும் இருந்தது. இரு தரப்பும் ஒரே முதலாளியிடம் அடிபட்டவை. 'தமிழன் எங்கு போனாலும் கொடி நாட்டுவான்' என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை ஒருமுறை திரும்பப் படிக்கவும்.

கொண்டாட ஒருவர் வேண்டுமென்றால் ஆன்றி சிதம்பரம் இருக்கிறார். காப்பெஸ்தேர் ஊரில் 1863இல் பிறந்தவர். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் தீவிலேயே பிறந்திருந்தும், 'இவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள்' என்று சொல்லி வாக்குரிமை மறுத்தது நிர்வாகம். 1904இல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போராடத் தொடங்கினார். வழக்கும் மனுவுமாக 1923 வரை விடாமல் நடத்தி, அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தார். புதுச்சேரியிலாவது அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும்.

'தமிழ் பேசுவார்களா?' பேச்சுமொழியாகத் தமிழ் இல்லை. பிரெஞ்சும் கிரியோலும்தான். பலரும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்கள். முதற்பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் தமிழ். ஆனால் கோயிலில் தமிழ் இருக்கிறது. பொருள் முழுக்கத் தெரியாமலே, தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக, ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். மாரியம்மன் அங்கே மாலியெமின், மதுரைவீரன் மால்தெவிலென். தப்பு என்ற பறை 'தப்பு'வாகவே இருக்கிறது, மத்தளம் 'மத்தாலோன்'. எனக்கு மிகவும் பிடித்தது நாகூமிலா. நாகூர் ஆண்டவரான மீரான் சாகிபுதான் அது. கொடிமரம் நட்டு, கொடி ஏற்றி, இந்துக் கோயில் வளாகத்திலேயே வணங்குகிறார்கள். காரைக்காலில் கப்பலேறியவர்களுக்கு நாகூர் பக்கத்து ஊர். கடலில் காப்பாற்றுகிற சாமியைத்தானே கையோடு கொண்டு போவார்கள்?

இங்கே ஒரு வேண்டுகோள். இங்கிருந்து போகிறவர்களில் சிலர் 'இது ஆகமப்படி இல்லை, ஆடு வெட்டாதீர்கள், மந்திரம் தப்பு' என்று திருத்தப் பார்க்கிறார்கள். 170 ஆண்டுகள், மொழி போன பிறகும், பாதிரிகளும் முதலாளிகளும் ஏளனம் செய்த காலத்திலும் காத்து வந்த வழிபாடு அது. நம் கிராமத்துக் கோயில்களில் நாமே கைவிட்ட பலவும் அங்கே உயிரோடு இருக்கின்றன. திருத்தும் தகுதி நமக்கு இல்லை. கேட்டுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது.

சாப்பாட்டில் எல்லோரும் கேட்பது 'கொலம்போ' என்ற குழம்பு. மசாலா நம்முடையது, சமைக்கும் கை கிரியோல் கை. இன்று தீவு முழுவதன் உணவு. மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு சேர்ந்த பொடி. பொடியில் மிளகாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். எலுமிச்சைச் சாறு, பூண்டு, தைம் இலை, வெங்காயத்தாள், பாதிப் பொடி சேர்த்துச் சில மணி நேரம் ஊற வைக்கிறார்கள். எண்ணெயில் கறியைச் சிவக்க வதக்கி, மீதிப் பொடியையும் அப்போதே போட்டுப் பிரட்டி, தண்ணீர் ஊற்றி மூடுகிறார்கள். பொடியைக் கடைசியில் போட்டால் வெந்தயமும் மஞ்சளும் பச்சை வாடை அடிக்கும். கறி முக்கால் வெந்ததும் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு. தேங்காய்ப்பால் பொதுவாகக் கிடையாது. காரத்துக்கு ஒரு தீவு மிளகாயை முழுதாக மேலே மிதக்க விட்டு, உடையாமல் எடுத்துவிடுவார்கள். அது கொதியில் உடைந்துவிட்டால் சட்டி முழுக்க வாயில் வைக்க முடியாது. அதனால்தான் அங்கே கொலம்போவைக் கரண்டியால் முரட்டுத்தனமாகக் கிளறுவதில்லை.

சைவக்காரர்கள் கவனிக்க: அவரை, பருப்பு வகைகளில் உப்புப் பன்றிக்கறி போடும் வழக்கம் உண்டு. 'அக்ரா' என்ற பொரிவடையில் பெரும்பாலும் கருவாட்டு மீன் இருக்கும், காய்கறி அக்ரா வேண்டுமென்று தனியாகக் கேட்க வேண்டும். சௌசௌவைச் சீஸோடு சுடும் பண்டம் நன்றாக இருக்கும், அதிலும் கறி இருக்கிறதா என்று கேளுங்கள். எதைக் கேட்பதற்கு முன்பும் 'பொன்ழூர்' சொல்லுங்கள். கடையில் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் விலை கேட்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு.

இசை என்றால் 'க்வோ கா'. அடிமைப்பட்டிருந்தவர்களின் பறை, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பூலா என்ற முரசு தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மாக்கே என்ற சிறு முரசு ஆடுகிறவரின் காலைப் பார்த்து அடிக்கும். தாளம் ஏழு வகை. 'லெவோஸ்' என்ற இரவுக் கூடுகைக்குப் போனால் வட்டத்துக்கு வெளியே நின்று பாருங்கள், முரசுக்கும் ஆடுபவருக்கும் நடுவில் குறுக்கே போகாதீர்கள்.

இனி பயணம். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது விசாவில். குவாதலூப் பிரான்சுதான், ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே பொதுவாகச் செல்லாது. விண்ணப்பத்திலேயே குவாதலூப் என்று எழுதி, கடல் கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்குச் செல்லும் விசா கேட்க வேண்டும். பாரிஸ் வழியாகப் போனால் ஷெங்கன் விசாவும் தேவைப்படலாம், காரணம் இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கும், குவாதலூப் விமானங்கள் பலவும் இன்னொரு நிலையமான ஓர்லியிலிருந்து கிளம்பும். நிலையம் மாற வெளியே வந்தாக வேண்டும். அந்த ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவு மட்டும் கொண்டதாக இருக்கக் கூடாது. தீவுக்குப் போகும்போதே ஷெங்கனை விட்டு வெளியேறிவிடுகிறீர்கள், திரும்பும்போது பாரிஸில் இரண்டாவது நுழைவு ஆகிவிடும். விதிகள் மாறும், டிக்கெட் எடுக்கும் முன் பிரெஞ்சுத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள்.

கூடவே டிரினிடாட், கயானா, பிரெஞ்சு கயானா என்று சேர்த்துச் சுற்றுகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாளைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குவாதலூப்புக்கு மட்டும் போனால் பிரச்சினை இல்லை. அந்த நாடுகளில் கால் வைத்துவிட்டுச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்துவார்கள்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், அதுவே நல்ல காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். 1989இன் ஹியூகோவும் 2017இன் மரியாவும் செப்டம்பரில்தான் அடித்தன. அட்லாண்டிக் பக்கக் கடற்கரைகளில் சர்காசம் என்ற பழுப்புப் பாசி குவியும், அழுகினால் முட்டை நாற்றத்தோடு நச்சுவாயு வரும். தங்குமிடம் பதிவு செய்யும் முன் எந்தக் கரை என்று பாருங்கள். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தின் அடியில் உட்காராதீர்கள், மழைக்கும் ஒதுங்காதீர்கள். அதன் பால் தோலைப் பொத்துப்போக வைக்கும், ஆப்பிள் போன்ற காயைக் கடித்தால் ஆபத்து.

பேருந்து மாலைக்கு மேலும் ஞாயிறும் நம்பத் தகுந்ததல்ல, வண்டி வாடகைக்கு எடுப்பதே வழி. சாலையில் வலப்பக்கம். சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். பேன் ழோனிலிருந்து ஏற ஒன்றரை, இரண்டு மணி நேரம். பொழுது ஏறினால் மேகம் மூடி ஒன்றும் தெரியாது, விடியலிலேயே தொடங்குங்கள். கந்தக வாயு காரணமாக உச்சியின் சில பகுதிகளை அடைத்திருக்கிறார்கள், வேலியைத் தாண்ட வேண்டாம். லே சேன்த் போக துருவா-ரிவியேரிலிருந்து படகில் இருபது நிமிடத்துக்குள்தான். லா தெசிராத் பக்கம் கடல் முரடு, வாந்தி மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் விலை பிரான்ஸ் பெருநிலத்தைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். 2009இல் 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்ததே இந்த விலைவாசிக்கு எதிராகத்தான். குழாய்கள் ஒழுகுவதால் சில ஊர்களில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், தங்குமிடத்தில் தொட்டி உண்டா என்று கேளுங்கள்.

வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணில் இருக்கிறது. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அதன் தடயம் உண்டு. 2023 ஜனவரியில் விசாரணை நீதிபதிகள் யார்மீதும் வழக்குத் தொடராமல் விசாரணையை முடித்தார்கள். சில நாள் தங்கும் பயணிக்குப் பயமில்லை. ஆனால் கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும், அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கிப் போராடுவது இதற்காகத்தான். அவர்களிடம் பேசும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

போகும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் புவாந்த்-ஆ-பித்ரில் பழைய தர்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறந்த 'மெமோரியல் ஆக்ட்' என்ற அடிமைமுறை நினைவு அருங்காட்சியகம். அரை நாளாவது ஒதுக்குங்கள். அடுத்து பாஸ்-தேர் நகரின் தெல்கிரெஸ் கோட்டை. இரண்டுக்கும் நடுவே, காப்பெஸ்தேரில் சாலையோரமாகவே இருக்கிறது ஷாங்கி கோயில், திரும்பும் வழியில் நின்று பார்க்கலாம். செருப்பைக் கழற்றுங்கள், படமெடுக்கும் முன் கேளுங்கள். பூசை நடக்கிற நாளாக இருந்தால் அழைக்காமலே சோறு போடுவார்கள், இலையில்தான்.