அமைதியான நாட்டை முதல் அத்தியாயத்திலேயே எரிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கதை எழுதுகிற தம்பி தங்கச்சிமார் கட்டாயம் வாசியுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இப்போது பேன்டசி கதை எழுதுகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு கதை வரும், அக்கரைப்பற்றிலிருந்து ஒன்று வரும், ஏறாவூரிலிருந்து இன்னொன்று வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "வாசித்துச் சொல்லுங்க அண்ணன்" என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் இல்லை. இரவிரவாக இருந்து வாசிப்பேன்.

அந்தக் கதைகளில் அனேகமாக ஒரு அமைதியான நாடு வரும். அந்த நாட்டு ஆக்கள் மாயப் பொறியியலில் கெட்டிக்காரர்கள். எண்ணெய் இல்லாமல் எரியும் விளக்கு, தானாகத் தண்ணீர் இறைக்கும் சக்கரம், மேகத்தில் மிதக்கும் தோணி என்று எல்லாம் செய்வார்கள். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார்கள். பத்தாவது பக்கம் வருவதற்குள் அந்த நாடு சாம்பலாகிவிடும். ஒரு பெடியன் மட்டும் தப்பி, வாளைத் தூக்கிக்கொண்டு பழிவாங்கப் புறப்படுவான். எரிந்துபோன நாட்டின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி: "ஆயிரம் ஆண்டுகளாக அங்கே அமைதி நிலவியது."

அந்த ஆயிரம் ஆண்டுகளைத்தான் நான் வாசிக்க வேண்டும் என்கிறேன். அது எப்படி நிலவியது? யார் அதைக் காத்தார்கள்? எந்த வருசம் அது அறுந்துபோகப் பார்த்தது, யார் போய் முடிச்சுப் போட்டார்கள்? எழுதுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எரிப்பதற்காகக் கட்டிய நாடுதானே.

"சண்டை இல்லாட்டி கதை எப்பிடி அண்ணன் ஓடும்?" என்று கேட்கிறார்கள். வயலும் குளமும் உள்ள ஊரில் பிறந்த பிள்ளை இதைக் கேட்கலாமா? மாரிகால நெற்செய்கையான பெரும்போகத்துக்கு முன்னால் நடக்கிற பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருமுறை போய் மூலையில் உட்கார்ந்து பாருங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் செய்யலாம், முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எப்போது வட்டையை, அதாவது வயல்வெளியை, விட்டு அப்புறப்படுத்துவது? ஒவ்வொரு கேள்விக்கும் அங்கே ஒரு போர் நடக்கும். பெரிய வயற்காரரான போடியாருக்கு ஒரு கணக்கு, குத்தகைக்குச் செய்கிறவருக்கு ஒரு கணக்கு, மாட்டுக்காரருக்கு வேறொரு கணக்கு. கடைசியில் எல்லாரும் ஒரு திகதிக்கு வந்தே ஆகவேண்டும், வராவிட்டால் யாருக்கும் விளைச்சல் இல்லை. ஒருவரும் சாகாமல் இவ்வளவு பதற்றத்தை ஒரு மண்டபத்துக்குள் அடைக்க முடிகிறது என்றால், கதை ஓடாமல் என்ன செய்யும்?

அப்புறம் குளத்து மதகை, எங்கள் பேச்சில் துருசை, திறக்கிற நாள். கிறீஸ் பூசின திருகுகம்பியை இரண்டு பேர் சேர்ந்து சுற்றுவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு குளக்கட்டுக்கு அடியில் ஒரு உறுமல் கேட்கும், தண்ணீர் இன்னும் கண்ணில் படாது. உறுமல் வந்த பிறகுதான் மற்றப் பக்கம் நுரை தள்ளும். காய்ந்து வெடித்த வாய்க்காலில் தண்ணீரின் முன்விளிம்பு சருகு, குச்சி, பிளாஸ்ரிக் போத்தல் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்தில் வரும். சின்னப்பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்து போவார்கள். மாயப் பொறியியல் என்று நீங்கள் எழுதுகிற எதிலும் இந்த உறுமலை நான் கேட்டதில்லை. உங்கள் பொறிகள் எல்லாம் சத்தமில்லாமல் ஒளிவிடுகின்றன. துருப்பிடிப்பதில்லை, கிறீஸ் கேட்பதில்லை.

நம்முடைய பழைய இலக்கியத்தில் மாயப் பொறிகளுக்குக் குறைவே இல்லை. சீவக சிந்தாமணியில் அரசன் சச்சந்தன் கருவுற்ற அரசி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். இவ்வளவு நுட்பமாகக் கற்பனை செய்த பொறி கதையில் எதற்குப் பயன்படுகிறது? கட்டியங்காரன் நாட்டைப் பிடிக்கும்போது அரசி தப்பி ஓடிச் சுடுகாட்டில் இறங்க. பெருங்கதையில் வருகிற எந்திர யானை உதயணனைச் சிறைபிடிக்கிற பொறி. சிலப்பதிகாரத்தின் மதுரை மதிலில் வளைவிற் பொறி, கல்லுமிழ் கவண் என்று வரிசையாக இருப்பவை எல்லாம் எதிரியைக் கொல்ல. இந்த வரிசையைப் படித்து வளர்ந்த நாம் பொறி என்றதும் மதிலையும் படையையும் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் மணிமேகலை இருக்கிறதே! அமுதசுரபியை ஒரு எழுத்தாளரின் கண்ணோடு மறுபடி பாருங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், ஆனால் அதற்கு ஒழுங்குகள் உண்டு. மணிமேகலையின் கைக்கு வந்த பிறகும் ஆதிரையின் கையால் முதல் பிச்சை விழுந்துதான் அதன் வேலை தொடங்குகிறது. அதை வைத்து அவள் சோழ நாட்டுச் சிறைக்கோட்டத்துக்குள் போய்ப் பசியாற்றுகிறாள், அரசன் அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்றிக் கொடுக்கிறான். ஒரு மாயப் பொருள் ஒரு அரசின் கட்டடத்தை, அதன் வேலையை மாற்றுகிறது. இதைவிட அருமையான இடம், மணிமேகலைக்கு முன் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்த ஆபுத்திரன் கதையில் இருக்கிறது. நல்ல மழை பெய்து நாடு செழித்துவிட்டது, பாத்திரத்தோடு நிற்கிற ஆபுத்திரனிடம் சாப்பிட ஒருவரும் வரவில்லை. பசி இல்லாத நாட்டில் பசி தீர்க்கும் பொருளுக்கு என்ன வேலை? அவன் பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறுகிறான். அமைதியான, நிறைவான நாட்டில் மாயத்துக்கு என்ன நடக்கும் என்ற கேள்வியை அவ்வளவு காலத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். நாம் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை.

சரி, இலக்கியத்தை விட்டுவிட்டு மண்ணைப் பார்ப்போம். ஐந்தாம் நூற்றாண்டில் கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு வெட்டிய யோத எல என்ற வாய்க்கால் ஏறக்குறைய 87 கிலோமீற்றர் நீளம். அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம்தான். கையில் இன்றைய அளவுக் கருவி ஒன்றும் இல்லாத காலம். இதை ஒரு கதையில் எழுதினால் மாயம் என்றே வாசிப்போம். இந்தத் தீவின் பழைய குளங்களில் கட்டுக்குள் இறக்கிய சதுரக் கிணறு ஒன்று இருக்கும், பிசோகொட்டுவ என்பார்கள். ஆழக் குளத்துத் தண்ணீரின் வேகத்தை அங்கே அடக்கித்தான் வெளியே விடுவார்கள். கட்டு அரிக்காமல் இருப்பது அதனால். பேரழிவு செய்யக்கூடிய ஒரு சக்தியை ஒரு கிணற்றுக்குள் சாந்தப்படுத்தி வயலுக்கு அனுப்புகிற அறிவு அது. உங்கள் மந்திரவாதிக்கு வேறு என்ன வித்தை வேண்டும்?

ஆனால் பொறியியல் மட்டும் அமைதியைக் கொண்டுவராது. இதை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? அம்பாறையில் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டினார்கள். அந்தத் தண்ணீரோடு குடியேற்றமும் வந்தது. 1956 யூனில், தனிச் சிங்களச் சட்டம் வந்த கையோடு, அதே கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அணை ஒரு வெடிப்பும் இல்லாமல் நின்றது. மனிதர்களுக்குள்தான் கட்டு உடைந்தது.

அதே கல்லோயாவின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. வாய்க்கால்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத நிலை. கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை விவசாயிகளோடு தங்க வைத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கதைத்தார்கள். சிறு சிறு குழுக்கள் உருவாகின. மேல்மடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். தண்ணீர் குறைந்த காலத்தில் மேல்மடைக்காரர்கள் வாய்க்காலைத் தாங்களே துப்பரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சம்பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். நோமன் அப்ஹொஃப் என்ற கோர்னெல் பேராசிரியர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அது 1983க்கு மிக அருகில், எல்லாம் இருண்டுகொண்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். இனப்பிரச்சினை அதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லவரவில்லை. ஒரு வாய்க்காலின் இரு முனையில் இருந்த மனிதர்கள் மண்வெட்டியோடு இறங்கிச் செய்தார்கள் என்பது நடந்த உண்மை. அமைதியான நாடு ஒன்றின் வரலாறு இப்படிப்பட்ட நாட்களால் ஆனது என்று நான் நம்புகிறேன்.

இதனால்தான் நானே ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெயர் ஓதநாடு. முழுக்க முழுக்க என் கற்பனை, ஆனால் விதை மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தடியில் எடுத்தது. பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று நம் ஆக்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டும் தோணியில் போய்க் கேட்டிருக்கிறார். ஒரே நீண்ட நாதமாக இல்லாமல், தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும் பல சின்ன ஒலிகள் என்று அவர் எழுதியதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஓதநாட்டில் ஒவ்வொரு துருசுக்கும் ஒரு மெட்டு. அந்த மெட்டை வாவியிலிருந்து கேட்டெடுத்தவர்கள் பெண்கள். நம்மிடம் குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருவதுபோல, வீடு பெண்பிள்ளைக்குப் போவதுபோல, மெட்டும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மெட்டில் பாதி மேலூரிடம், மற்றப் பாதி கீழூரிடம். இரண்டு ஊரும் சேர்ந்து பாடினால்தான் கதவு எழும்பும். பாடியவளுக்கு அந்தப் போகம் முடியும்வரை குரல் திரும்பாது. அதனால் யாரும் சும்மா பாடமாட்டார்கள், பாடச் சொல்லிக் கேட்பதற்கும் முகம் வேண்டும்.

இந்த நாட்டுக்கு 600 வருச வரலாறு எழுதியிருக்கிறேன், ஒரு போரும் இல்லை. மேலூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு வாயை மூடிய ஒரு சிறுபோகம் இருக்கிறது. ஒரு மெட்டைத் தெரிந்த ஒரே கிழவி சொல்லிக்கொடுக்காமல் செத்துப்போன வருசம் இருக்கிறது. அந்தத் துருசை எப்படித் திறப்பது என்று மூன்று தலைமுறை தேடுகிறார்கள். எல்லாத் துருசுக்கும் ஒரே மெட்டு வைத்தால் என்ன, நானே பாடித் திறந்துவிடுவேனே என்று ஒரு அரசன் யோசிக்கிறான். அவன் கெட்டவன் இல்லை, கடைமடைக்காரர் காய்வதைப் பார்க்கமுடியாமல் துடித்தவன். இருந்தும் அந்த நாட்டுக்கு வந்த மிகப் பெரிய ஆபத்து அவன்தான். அந்த அத்தியாயத்தை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

ஓதநாட்டு ஆக்கள் வருசத்தை அரசர் பெயரால் சொல்வதில்லை. நம் வீட்டுக் கிழடுகள் "57 வெள்ளத்துக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்று பிள்ளைகளின் வயதைச் சொல்வார்களே, அப்படித்தான். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை எங்கள் ஊரில் கலண்டர் பார்த்து நினைவுவைத்திருப்பவர் யாரும் இல்லை. தென்னைகள் விழுந்ததை வைத்துத்தான் நினைவு. அரச வம்சப் பட்டியல் எழுதிக் கஷ்டப்படுகிற தம்பிமாரே, கட்டு உடைந்த வருசங்களின் பட்டியலை எழுதிப் பாருங்கள், நாடு தானாக உயிர்பெறும்.

பகையே இல்லாத மனிதர்களை எழுதச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கண்ணகி அம்மனுக்கு நாம் ஆடும் கொம்புமுறியைப் பாருங்கள். ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொம்பைக் கொழுவி இழுத்து, தோற்ற பக்கத்தை வசை பாடி வாட்டி எடுக்கும். மழை வேண்டியும் நோய் தணியவும் ஆடுகிற ஆட்டம் அது. பகைக்கு ஒரு இடம், ஒரு நாள், ஒரு கயிறு, ஒரு பாட்டு கொடுத்து வைத்திருக்கிறார்கள். அமைதியான நாட்டில் அநியாயமும் இருக்கும். யார் குளக்கட்டின் மேல் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற சட்டம் இருக்கும், அதை எதிர்த்து ஒருத்தி ஏறுவாள். இவ்வளவும் போருக்கு வெளியே இருக்கிற கதைகள்.

நம் பிள்ளைகள் ஏன் எரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. நாடு எரிவது எப்படி என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் அம்மம்மா சொன்ன கதைகள் இருக்கின்றன. அந்தக் கதைகளை எழுதத்தான் வேண்டும், யாரும் தடுக்கக்கூடாது. ஆனால் மாயக்கதை என்பது இல்லாததைக் கட்டிப்பார்க்கக் கிடைத்த இடம். அங்கேயும் எரிந்ததையே மறுபடி எரித்துக்கொண்டிருந்தால், எரியாத ஒன்று எப்படி நடக்கும் என்பதை நாம் எங்கே போய்ப் பழகிப்பார்ப்பது?

ஓதநாட்டின் பெரிய வறட்சி பற்றிய பகுதியை அடுத்த கிழமை இங்கே போடுகிறேன். அதில் ஆறு வாய்க்காலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற கணக்கு ஒன்று வருகிறது. வட்டையில் தண்ணீர் முறையைப் பார்க்கிற வட்டவிதானைமார், வயல் செய்கிற ஆக்கள் யாராவது இருந்தால் வாசித்து, அந்த முறை நிசத்தில் சரிவருமா என்று சொல்லுங்கள்.