பிறந்தநாள் விளையாட்டில் ‘அவுட்’ எதற்கு?

அந்தப் புலி முகமூடி வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக எங்கு திறந்தாலும் அதுதான். நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. 5 வயதுப் பிள்ளை, அவளுடைய பிறந்தநாள், அவளுக்குப் பிடித்த காடு தீம், மியூசிக்கல் சேர் விளையாட்டு, 12 பிள்ளைகள், 11 நாற்காலிகள். முதல் சுற்றிலேயே அவள் அவுட். முகமூடியோடு நின்று அழுகிறாள், பின்னால் பெரியவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. “இந்த வயதுக்கு இந்த விளையாட்டு வேண்டாமே” என்று ஒரு வரிதான் அதன் கீழே எழுதினேன். அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு ஒரு வரி போதாது என்று தோன்றியது.

ஆறேழு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு, ஆளை வெளியே உட்காரவைக்கும் எந்த விளையாட்டும் வேண்டாம். மியூசிக்கல் சேர் மட்டுமில்லை, பாட்டு நின்றதும் அசைந்தால் அவுட், தொட்டால் அவுட், தப்பாகச் செய்தால் அவுட் என்று வருகிற எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் ஆடினால் 11 சுற்று. முதல் சுற்றில் 12 பேர் ஓடுகிறார்கள், அடுத்ததில் 11, கடைசியில் 2. எல்லாச் சுற்றிலும் ஓடியவர்களைக் கூட்டினால் 77. உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களைக் கூட்டினால் 55. ஓடி ஆடட்டும் என்று வைத்த விளையாட்டில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டு, தள்ளுமுள்ளு, நாற்காலி எடுப்பது எல்லாம் சேர்த்துச் சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், முதலில் வெளியேறிய பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. 5 வயதுக்குப் பத்து நிமிடம் சின்ன நேரமா? அவள் எழுந்து போய் மேசை விரிப்பை இழுப்பாள், பலூனை உடைப்பாள். “அடங்கவே மாட்டேங்கிறா” என்று அவளைத்தான் சொல்வோம்.

முதலில் வெளியேறுவது யார் என்பதையும் பாருங்கள். இருப்பதில் வயது குறைந்த பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை, இன்னொருவரை இடிக்கத் தயங்குகிற பிள்ளை. ஓடிப் பழகும் வாய்ப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை முதலில் அனுப்பிவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஓடுகிற இரண்டு பேருக்குக் கடைசி வரை ஓட இடம் கொடுக்கிறோம்.

வீடியோவில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் பேசவில்லை. அந்த முகமூடியின் கண் துளை சின்னது. நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது. காலி நாற்காலி அவளுக்கு இடப்பக்கம் இருந்தது, அவள் பார்க்கவே இல்லை. ஓடுகிற விளையாட்டில் முழு முகமூடி கூடாது. காது வைத்த தலைப்பட்டை போதும், கன்னத்தில் இரண்டு மீசைக் கோடு வரைந்தால் அவர்களே புலியாகிவிடுவார்கள். சூப்பர் ஹீரோ தீம் என்றால் கழுத்தில் முடிச்சுப் போட்டு முதுகில் தொங்கவிடும் கேப் துணி இன்னும் ஆபத்து, சறுக்குமரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் ஒட்டுப்பட்டை வைத்துத் தைக்க வேண்டும், ஏறி இறங்கும் சாதனம் இருக்கும் இடத்தில் அதையும் கழற்றிவிட வேண்டும்.

இனி எனக்கு வந்த பதில்கள். “தோற்கப் பழக வேண்டாமா?” பழகட்டும், நான் மறுக்கவே இல்லை. ஆனால் தோற்றவுடன் ஓரமாக உட்காரவைத்தால் பழகுவது என்ன? காத்திருப்பது மட்டும்தான். தோற்று, பத்தாவது விநாடியில் திரும்ப உள்ளே வந்து, இன்னொரு முறை முயன்று பார்க்கிற பிள்ளைதான் தோல்வியைப் பழகுகிறது.

“நாங்களும் இப்படித்தான் விளையாடினோம், எங்களுக்கு என்ன ஆயிற்று?” அப்படித்தானா? ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு பேச்சு நம்மிடம் எப்படி வந்தது? ஆட்டத்தில் இருக்கும் குட்டிப் பிள்ளை ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் ஆகாது. சொல் கரடுமுரடுதான், அந்த ஏற்பாட்டில் இருந்த பரிவு பெரியது. பெரியவர்கள் யாரும் சொல்லித்தராமல் பிள்ளைகளே தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி அது. பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, நமக்கு எப்படி மறந்தது?

“ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா” என்றவர்களுக்குப் பதில் இல்லை. அந்தப் பிள்ளை அழுவதைப் பார்த்த பிறகும் அப்படிக் கேட்பவர்களிடம் என்ன சொல்வது?

“சரி, வேறு என்னதான் வைப்பது?” இப்படி நிஜமாகவே கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் மீதிப் பதிவு.

அதே பாட்டு, அதே ஓட்டம் போதும். நாற்காலியை மட்டும் எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் தாவி ஏறினால் நாற்காலி கவிழும், விரல் நசுங்கும். தரையில் கயிற்றால் வட்டம் போடுங்கள், காடு தீம் என்றால் அவை தீவு, சுற்றிலும் முதலை. 12 பேருக்கு முதலில் ஆறு வட்டம். பாட்டு நின்றால் ஏதாவது ஒரு தீவில் ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வட்டத்தை எடுங்கள், பிள்ளைகளை எடுக்காதீர்கள். கடைசி வட்டம் மட்டும் பெரிதாக இருக்கட்டும், ஆறரை மீட்டர் கயிற்றை வளைத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம் வரும், 12 பேரும் கட்டிப்பிடித்து நிற்கலாம். சிமெண்டுத் தரையில் ஹூலா வளையமோ துணியோ போடாதீர்கள், குதித்ததும் வழுக்கும். அங்கே சாக்பீஸ் வட்டம்தான் சரி.

ஓட்டம் அதிகம் வேண்டுமா, வால் பறிக்கும் விளையாட்டு வையுங்கள். வால் என்பது ஒரு துணிப் பட்டை, 40 சென்டிமீட்டர் நீளம், நான்கு விரல் அகலம். அதில் 10 சென்டிமீட்டர் மட்டும் இடுப்பில் செருகினால் இழுத்ததும் வந்துவிடும். முடிச்சுப் போடவே கூடாது, இழுக்கும்போது பிள்ளையும் சேர்ந்து விழும். தலைக்கு மூன்று என்று 36 பட்டை வெட்டுங்கள். ஒன்று இடுப்பில், மீதி 24 நடுவில் ஒரு கூடையில். வால் போனால் கூடைக்கு ஓடி அடுத்ததைச் செருகிக்கொண்டு திரும்ப ஆட்டத்துக்கு வரலாம். கூடைக்கு ஒரு பெரியவர் காவல். ஆட வர மறுத்து அம்மாவின் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளையை அவருக்கு உதவியாளாக்குங்கள். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே பெரும்பாலும் தானாக ஆட்டத்துக்குள் வந்துவிடும். வற்புறுத்தி இழுத்தால் வராது.

புதையல் தேடலில் எப்போதும் ஒரே சிக்கல். வேகமான இரண்டு பேர் எல்லாவற்றையும் அள்ளிவிடுவார்கள், நான்கு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஆளுக்கு ஒரு நிறமோ ஒரு விலங்குப் படமோ கொடுத்து, தன்னுடையதை மட்டும் ஐந்து எடுக்க வேண்டும் என்று சொன்னால் போதும். முடித்தவர் முடிக்காதவருக்குத் தேடிக் கொடுக்கலாம். 12 பேருக்கு 60 துண்டு ஒளிக்க வேண்டும், எங்கே எத்தனை என்று எழுதி வையுங்கள், கையிருப்பாகச் சிலவற்றை உங்கள் பையில் வைத்திருங்கள். நான்கு வயதுக்குப் பாதி வெளியே தெரிகிற மாதிரி, அவர்கள் கண் உயரத்தில் வைக்க வேண்டும். கூட வரும் தம்பி தங்கைகளையும் நினையுங்கள், டிஷ்யூ ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற அளவில் இருக்கும் எதுவும் அவர்கள் தொண்டையில் அடைக்கலாம்.

தடை ஓட்டத்தில் கெடுப்பது வரிசை. ஒரே பாதை, 12 பேர் என்றால் மறுபடியும் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். மூன்று மூன்று பேராக நான்கு பாதை, ஒவ்வொன்றிலும் மூன்று வேலை: கரடி போலத் தவழ்வது, தவளை போலத் தாவுவது, தரையோடு கிடக்கும் பலகையில் நடப்பது. தீம் என்றால் எனக்கு இதுதான். பின்னால் தொங்கும் பேனரில் புலி இருந்து என்ன பயன்? பிள்ளையின் கையிலும் காலிலும் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே திசையில்தான் ஓட வேண்டும், குறுக்கே கூடாது. முடிவுக் கோட்டுக்குப் பின்னால் மூன்று மீட்டராவது காலி இடம் விடுங்கள், அந்த வயதில் கோட்டிலேயே நிற்கத் தெரியாது, சுவரில்தான் போய் நிற்பார்கள். தவழும் குழாய் வைத்தால் நுழையும் வாயில் ஒருவர், வெளிவரும் வாயில் ஒருவர். இல்லையென்றால் எதிரெதிரே புகுந்து தலையில் இடித்துக்கொள்வார்கள்.

தண்ணீர் பலூன் வேண்டாம். நிரப்பவும் முடிச்சுப் போடவும் ஒரு மணி நேரம், வீசி முடிக்க ஐந்து நிமிடம், பிறகு புல் முழுக்க ரப்பர் துண்டு. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வாயில் போட்டால் மூச்சடைக்கலாம். ஸ்பாஞ்சை நனைத்து வீசலாம். ஆழமான வாளி கூடாது, அகலமான தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர், அதன் பக்கத்திலேயே ஒருவர், ஆட்டம் முடிந்த கையோடு கவிழ்த்துவிட வேண்டும். சின்னக் குழந்தை மூழ்க ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும்.

ஒரு விளையாட்டுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். ஏழு தயாராக வைத்து ஐந்து ஆடினால், இடைவேளையும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஓடிவிடும், அதற்குமேல் இழுக்காதீர்கள். “இன்னும் ஒரு தடவை” என்று அவர்கள் கேட்கும்போதே அடுத்ததற்குப் போய்விடுவது நல்லது. ஓட்டத்துக்குப் பின் ஓர் அமைதியான ஆட்டம், இடையில் தண்ணீர். விதி மூன்று வாக்கியத்தைத் தாண்டினால் யாரும் கேட்க மாட்டார்கள், ஒருமுறை நீங்களே செய்து காட்டுங்கள். விசில் என்றால் நில், வேறு எதற்கும் ஊதக் கூடாது. பரிசு கொடுப்பதானால் போகும்போது எல்லோருக்கும் ஒரே பொருள்.

நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். 12 பேருக்கு மூன்று பேர், கையில் போன் இல்லாத மூன்று பேர். அந்த வீடியோவில் நான் எண்ணிப் பார்த்தேன், ஏழு பெரியவர்கள் நிற்கிறார்கள், ஐந்து பேர் படம் பிடிக்கிறார்கள். ஒருவர்கூடக் குனிந்து அவள் முகமூடியைக் கழற்றவில்லை. அழுகிற பிள்ளைக்கு மூச்சு முட்டாதா? கண்ணீர் உள்ளேயே வழிந்துகொண்டிருக்கிறது, கேமரா கிட்டே போகிறது. எனக்கு எதிலும் குறை சொல்வதுதான் வேலை என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை அழுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீடியோவைப் பதிவிட்டவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அன்போடு செய்த ஏற்பாடு அது, சந்தேகமே இல்லை. அத்தனை நாற்காலியிலும் விலங்கு முகத்தைக் கையாலேயே வரைந்திருக்கிறீர்கள், எத்தனை இரவு ஆகியிருக்கும். அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள். சட்டையில் அவள் பெயர் எழுதியிருக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் அவளுக்குப் படிக்கத் தெரிந்துவிடும், கீழே உள்ள கமெண்டுகளையும் சேர்த்து.