மார்பு வலித்தால் கரு தங்கிவிட்டது என்று அர்த்தமில்லை

கரு தங்க உதவுவதற்காகக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை பற்றி, "புரோஜெஸ்டிரோன் உடம்பிலேயே சுரப்பதுதான், அதனால் பக்கவிளைவு கிடையாது. மாத்திரை போடும்போது மார்பு கனத்து, தூக்கமாக வந்தால் கரு தங்கிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கவிளைவு கிடையாது என்பதும், இவை கரு தங்கியதன் அடையாளம் என்பதும், இரண்டுமே தவறு. மார்பு வலி, வயிற்று உப்புசம், தலைசுற்றல், அசதி எல்லாம் இந்த மருந்தே தரக்கூடியவை. வாய்வழியாகச் சாப்பிட்டால் கல்லீரலில் அது சிதைந்து உருவாகும் ஒரு பொருள் மூளையை மந்தப்படுத்தும். அதனால்தான் இரவு படுக்கும் நேரத்தில் போடச் சொல்கிறார்கள். கரு இல்லாமலேயே மாதவிடாயும் தள்ளிப்போகலாம். இன்னொன்று, கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே தொடங்கினால் அது வெளிவருவதையே தடுத்துவிடக்கூடும். தோழியின் மருந்துச் சீட்டைப் பார்த்து வாங்கிப் போடுவது சரியில்லை. நாள் தள்ளினால் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி (கரு தங்கினால் சுரக்கும் ஹார்மோன்) பாருங்கள். முடிவு வரும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.