312 விதை, நாலு செடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கனடாக் கதை. ஊரில் இருப்பவர்களும் தமிழ்நாட்டில் இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு எதையும் செய்து பார்க்க வேண்டாம், அங்கே சட்டம் வேறு. இங்கே 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் 19 வயதானவர்கள், சட்டப்படி வாங்கிய விதையில் இருந்து, வீட்டில் நாலு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நாலு இல்லை, வீட்டுக்கு நாலு. (அம்மாவின் பங்கையும் சேர்த்து எட்டு வைக்கலாமே என்று கேட்ட நண்பருக்கும் இதுதான் பதில்.)

போன மாதம் அம்மா பிறிட்ஜைத் துப்புரவாக்கினார். கீழ்த்தட்டில், கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால், தூண்டில் முள்ளு போட்டு வைக்கும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை நான் ஒளித்து வைத்திருந்தேன். "தம்பி, இது என்ன, மருந்தா?" என்றார். விதை என்றேன். என்ன விதை என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை கஞ்சா என்றால் யாழ்ப்பாணச் செய்தியில் வரும் 'கேரள கஞ்சா'தான், கடற்கரையில் இத்தனை கிலோ பிடிபட்டது, இரண்டு பேர் கைது என்று வாசிப்பார்களே, அது. அது இப்போது தன்னுடைய மோர்ப் போத்தலுக்குக் கீழே இருக்கிறது. ஏச்சு விழும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு அறையையும் பார்த்து, கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: "இவ்வளவத்தையும் எப்ப நடப் போறாய்?"

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். 312. வருடத்துக்கு நாலு என்றால் 78 வருடம். எனக்கு இப்போது 46, கடைசிச் செடி அறுவடையாகும்போது 124. சரி, குளிர்காலத்தில் பேஸ்மென்றில் விளக்கு போட்டு இன்னொரு முறை வளர்க்கிறேன் என்றே வையுங்கள், அப்போதும் 85 வயதில்தான் கணக்கு முடியும். அதுவும் இன்றிலிருந்து ஒரு விதைகூட வாங்காமல் இருந்தால்.

எப்படிச் சேர்ந்தது என்று யோசித்தால் அவமானமாக இருக்கிறது. ஐந்து வாங்கினால் இரண்டு இலவசம், பத்து வாங்கினால் ஐந்து இலவசம், 'இந்த வகை இனி வராது' என்று ஒரு மின்னஞ்சல். இனி வராது என்ற சொல்லுக்கு நான் நாலு தடவை ஏமாந்திருக்கிறேன், நாலும் அடுத்த வருடமே வேறு பொதியில் வந்தன. பெயர்களைப் பாருங்கள்: வெடிங் கேக், ஐஸ்கிரீம் கேக், ஜெலாட்டோ. என் பெட்டியின் பட்டியலை யாருக்காவது காட்டினால் பேக்கரி விலைப்பட்டியல் என்று நினைப்பார்கள். இதில் 'கேரளா' என்று பெயர் போட்ட பொதி ஒன்றும் இருக்கிறது, அதை ஊர்ப்பாசத்தில் வாங்கினேன். (கேரளா எனக்கு எப்போது ஊரானது என்று கேட்காதீர்கள்.) வெப்பநாட்டுச் செடி பூத்து முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். இங்கே ஒக்ரோபரில் உறைபனி. வெளியில் நட்டால் பூ முற்றுவதற்கு முன் செடி செத்துவிடும் என்பது தெரிந்தே வாங்கியது அது.

நான் மட்டும் இல்லை. இந்தப் பழக்கம் உள்ள எல்லோரிடமும் ஒரு நியாயம் தயாராக இருக்கும், "நாங்கள் மரபைப் பாதுகாக்கிறோம்" என்று. நானும் சொல்லியிருக்கிறேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே. இப்போது அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கஞ்சா பனை மாதிரி, ஆண் வேறு பெண் வேறு. ஒரு வகையை அழியாமல் காப்பது என்றால் ஆணும் பெண்ணுமாக நிறையச் செடிகளை ஒன்றாக வளர்த்து, தங்களுக்குள் மகரந்தம் சேர விட்டு, புது விதை எடுத்து வைக்க வேண்டும். நாலு செடியில் அது நடக்கிற காரியமா? அதோடு நான் வாங்கியதில் முக்கால்வாசி 'பெண் விதை'. பெண் செடிக்கு வெள்ளி கலந்த கரைசலைத் தெளித்து, அதையே மகரந்தம் விட வைத்து எடுக்கிற விதை அது, அதில் ஆண் முளைப்பதே அபூர்வம். அப்புறம் அந்தக் கேக்கும் ஐஸ்கிரீமும் எல்லாம் ஒரே குடும்பம், சித்தப்பா பிள்ளை பெரியப்பா பிள்ளை முறை. முப்பது பெயர் வைத்திருக்கிறேன், ஆனால் முப்பது மரபு என்னிடம் இல்லை.

உண்மையான விதை வங்கி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நோர்வேயின் ஸ்வால்பார்டில் 2008 இல் திறந்த நிலவறையை எல்லோருக்கும் தெரியும், பனிமலைக்குள் கதவு, உள்ளே மைனஸ் 18 பாகை. அதைப் படம் பிடித்து தன் பிறிட்ஜோடு ஒப்பிட்டுப் போடாத விதைச் சேகரிப்பாளன் இல்லை. ஆனால் சிரியாவில் அலெப்போவுக்குப் பக்கத்தில் இருந்த விதை வங்கி போரில் சிக்கியபோது, அவர்கள் ஸ்வால்பார்டில் வைத்திருந்த விதைகளை 2015 இல் வெளியே எடுத்தார்கள். எடுத்து லெபனானிலும் மொறோக்கோவிலும் நட்டு, புது விதை எடுத்து, 2017 இல் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்கள். அதாவது வைப்பில் இருந்ததை எடுத்து மண்ணில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையில், தாவர விஞ்ஞானி வவிலோவின் விதை நிறுவனத்து ஆட்கள் விதைகளுக்கு நடுவில் பட்டினியால் செத்தார்கள், அரிசி வகைகளைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவனோவ் ஆயிரக்கணக்கான அரிசிப் பொதிகள் பக்கத்தில் இருக்கச் செத்தார். அவர்கள் காத்தது பிறகு யாரோ விதைப்பதற்கு. நான் காப்பது தள்ளுபடியில் வந்த ஐஸ்கிரீம் கேக்.

சரி, பத்திரமாகவாவது வைத்திருக்கிறேனா? விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிறிட்ஜில் வைத்ததன் காரணம் அதுதான். ஆனால் நான் செய்தது என்ன? மாதத்துக்கு இரண்டு முறை பெட்டியை எடுத்து, குளிரோடு குளிராகத் திறந்து, அழகு பார்த்து, மூடி வைத்தேன். குளிர்ந்த விதையில் வெளிக்காற்றின் ஈரம் அப்படியே வியர்த்து இறங்கும், பெட்டி அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறுமை இல்லை. நகைப்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிற ஆட்களைப் பகிடி பண்ணியவன் நான்.

அம்மா கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் மிகப் பழைய பொதியில் இருந்து பத்து விதை எடுத்தேன். காடை முட்டையை மிளகளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படித்தான் கஞ்சா விதை, மண்ணிறத்தில் கோடும் புள்ளியுமாக. நனைத்த பேப்பர் துவாயில் வைத்து, இரண்டு பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் மூடி, பிறிட்ஜுக்கு மேலே சூடான இடத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் இரண்டு வெடித்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. ஐந்தாம் நாள் இன்னொன்று. மிச்சம் ஏழையும் ஒரு வாரம் கழித்து நகத்தால் அழுத்தினேன், ஓடு நொறுங்கி உள்ளே பழைய எண்ணெய் நாற்றம். இது எண்ணெய் வித்து, நல்லெண்ணெய் கெட்டு நாறுவது மாதிரி இதுவும் நாறும். ஏழில் ஏழும் காசு கொடுத்து வாங்கியது.

அம்மா அதே வாரம் தன் பாவல் விதையை எடுத்தார். கோடையில் ஒரு காயை மட்டும் பிடுங்காமல் பழுக்க விட்டு, செம்மஞ்சளாகப் பிளந்த பிறகு சிவப்புச் சதையைக் கழுவி, காய வைத்து, கடித உறைக்குள் போட்டு வைத்தது. எண்ணினால் பதினெட்டு. புடலை ஆறு. பயித்தை ஒரு கைப்பிடி. இவ்வளவும் காணுமா என்றால், "மிச்சத்தைக் குடுத்திட்டன். எனக்கு முளைக்காட்டி அவையளிட்ட வாங்கலாம்" என்றார். 1995 இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது விதைப் போத்தலைக் கொண்டுபோனீர்களா என்று கேட்டேன், உருக்கமான பதில் ஒன்றை எதிர்பார்த்துத்தான். "அதுக்கெல்லாம் ஆருக்கு நேரம் இருந்தது? திரும்பிப் போய் அயலுக்குள்ள வாங்கி நட்டம்" என்றார். முன்பு இவர் கொடுத்த பயித்தை, வேலி தாண்டி இரண்டு வீடு போய், திரும்பி வந்திருக்கிறது.

அதனால் வாங்குவதை நிறுத்திவிட்டேன், மின்னஞ்சல் பட்டியல்களில் இருந்தும் பெயரை எடுத்துவிட்டேன். ஸ்காபரோவில் செடி வளர்க்கிற நண்பர்கள், 19 தாண்டியவர்கள், வந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் வெளியில் கொண்டுபோக ஆளுக்கு முப்பது விதைதான், சட்டத்தில் ஒரு விதை ஒரு கிராம் கணக்கு, 30 கிராமுக்கு மேல் வீதியில் வைத்திருக்கக் கூடாது. வீட்டுக்குள் எவ்வளவும் இருக்கலாம். அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினால் நான் குற்றவாளி. கியூபெக் நண்பர்கள் கேட்க வேண்டாம், அங்கே வீட்டில் வளர்க்கவே தடை, 2023 இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பொதியிலும் ஐந்தை முளைக்கப் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன், நாறலைத் தூக்கித் தர மாட்டேன். ஈரத்தில் மை அழிந்து பெயர் தெரியாமல் போனது ஒரு இருபது கிடக்கிறது. அதை ஒருவரும் கேட்கப் போவதில்லை. இந்த முறை மே மாதக் கடைசியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்து குளிர் விட்டதும் நாலு சாடியிலும் அதைத்தான் போடுகிறேன். கேக்கா, கேரளாவா என்று ஓகஸ்டில் தெரியும்.