காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கிறதா? பல்லவர்களோடு இருங்கள்

சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வேன் வேனாகக் குடும்பங்கள் கிளம்புகின்றன. காலையில் காமாட்சி, அடுத்து ஏகாம்பரநாதர், அங்கிருந்து உலகளந்த பெருமாள், நடை சாத்துவதற்குள் வரதராஜர். மதியம் சாப்பாடு, பட்டுக்கடை. நேரம் மிச்சம் இருந்தால் சாயங்காலம் அப்படியே மாமல்லபுரம். இரவு வீடு திரும்பும்போது கைபேசியில் நிறைய கோபுரங்கள் இருக்கும். எந்தக் கோபுரம் எந்தக் கோயிலுடையது என்று கேட்டால் வீட்டில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

வேண்டுதலோடு போகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும், போய்க் கும்பிட்டுவிட்டு நிறைவாக வருகிறார்கள். ஊரைப் பார்க்க வேண்டும், அதன் பழமையை உணர வேண்டும் என்ற ஆசையோடு கிளம்பி, கோயில் கோயிலாக ஓடிக் களைத்துத் திரும்புகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஒரே நாளில் காஞ்சி முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அது எட்டாம் நூற்றாண்டு. இரண்டு கோயில்கள், அப்புறம் ஒரு தறி, சாயங்காலம் விருப்பம் போல் இன்னொன்று. ஒரு நாளுக்கு இது தாராளம்.

காஞ்சி ஒரே ஊர் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பல ஊர்கள். மணிமேகலையின் கதை வந்து முடிகிற பௌத்த நகரம் ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் சீனத்துறவி யுவான் சுவாங் வந்து பார்த்ததும் அந்த நகரத்தைத்தான். வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் காஞ்சி. வடமேற்கே சைவர்களின் பெரிய காஞ்சி, தென்கிழக்கே வைணவர்களின் சின்னக் காஞ்சி. இவற்றின் மேல் விஜயநகரத்தார் எழுப்பிய உயரமான கோபுரங்கள். ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டியது. பல்லவர் காலத்திலிருந்து அது எண்ணூறு ஆண்டு தள்ளி நிற்கிறது. காலையில் இதையும் அதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மனதுக்குள் எல்லாம் ஒரே ‘பழைய கோயில்’ ஆகிவிடுகிறது. எண்ணூறு ஆண்டு என்பது நமக்கும் பிற்காலச் சோழர்களுக்கும் உள்ள தூரம்.

முதலில் கைலாசநாதர். பேருந்து நிலையத்திலிருந்து மேற்கே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் போகலாம், காலை வெயில் ஏறாத நேரமாக இருந்தால் நடந்தே போகலாம். சீக்கிரம் போங்கள். கோயில் கிழக்கு நோக்கியது, மணற்கல்லில் கட்டியது. காலை வெளிச்சம் விழும்போது அந்தக் கல்லுக்கு இருக்கிற நிறம் பத்து மணிக்கு மேல் இருக்காது. கூட்டமும் அந்த நேரத்தில் குறைவு.

இதைக் கட்டியவன் இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இவன் கட்டியதுதான். கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சுவரில் சிவன், உமை, நடுவில் குழந்தை கந்தன் என்று சோமாஸ்கந்தரைச் செதுக்கி வைப்பது இவன் காலத்துக் கோயில்களின் கையொப்பம் மாதிரி. கோயிலைச் சுற்றியுள்ள மதிலின் உட்புறம் வரிசையாக 58 சிற்றாலயங்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் நேரே கருவறைக்குப் போய், குனிந்து ஊர்ந்து சுற்றி வரும் அந்தக் குறுகலான பாதையில் நுழைந்து வெளியே வந்து, கிளம்பிவிடுகிறார்கள். என் கணக்கில் பாதிக் கோயில் அந்த மதிலோரத்தில்தான் இருக்கிறது.

அங்கே மெதுவாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு சிற்றாலயத்திலும் இராஜசிம்மனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அத்யந்தகாமன், இரணஜயன், ஆகமப்பிரியன் என்று நூற்றுக்கணக்கில். ஒரே பெயர்களையே வெவ்வேறு வடிவ எழுத்துகளில் மறுபடியும் மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். சில எழுத்துகள் கொடியும் பறவையுமாக வளைந்து போகின்றன. அதைப் படிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. எழுத்தை இத்தனை அழகுபடுத்த நேரமும் பொறுமையும் இருந்த ஒரு அரசவை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபடியே நடக்கலாம். சில சிற்றாலயங்களின் உள்சுவரில் கொஞ்சம் வண்ணம் மிச்சமிருக்கிறது. ஒரு முகத்தின் வளைவு, ஒரு கிரீடத்தின் கோடு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான சிவப்பு அது. இந்தக் கோயில் முழுக்க ஒரு காலத்தில் வண்ணமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைக்கிறது.

முன் வரிசைச் சிற்றாலயங்களில் ஒன்றில் அரங்கப்பதாகை என்ற அரசியின் கல்வெட்டு இருக்கிறது. எதிரில் இராஜசிம்மனின் மகன் மகேந்திரன் கட்டிய சிறிய கோயில். ஒரு குடும்பமே சேர்ந்து கட்டிய கோயில் என்று சொல்லலாம்.

இந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கருவறை இல்லை. அதற்கு முன்னால் உள்ள மண்டபத்தின் ஒரு தூண். அதில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைப் பிடித்தான். அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளாகப் பல்லவர்களும் சாளுக்கியர்களும் மாறி மாறி ஒருவர் தலைநகரை ஒருவர் தாக்கியவர்கள். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகர் வாதாபியை எரித்த கதை நமக்குப் பள்ளிப்பாடம். சாளுக்கியர்கள் பக்கத்தில் அந்த வடு ஆறாமல்தான் இருந்திருக்கும். வந்தவன் இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், எடுத்துக்கொள்ளவில்லை, இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அந்தக் கல்வெட்டு. ஊருக்குத் திரும்பிய பிறகு அவனுடைய அரசிகள் பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில்களில் பெரியதான விரூபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. ஜெயித்தவன் தோற்றவனின் கலையில் மயங்கிய கதை அந்தத் தூணில் இருக்கிறது, நாம் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். தயவுசெய்து சாயாதீர்கள். மணற்கல் மென்மையானது. பிள்ளைகளைச் சிங்கத்தூண்கள் மேல் ஏற்றி உட்கார வைக்காதீர்கள். மழையும் காற்றும் தின்றது போக மிச்சம்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. பிற்காலத்தில் சுதை பூசிச் சரிசெய்த இடங்களைப் பார்த்தாலே போனது திரும்பி வராது என்று தெரியும்.

பூசலார் கதை தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் இங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். திருநின்றவூரில் கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, அதே நாளில் எனக்கு வேறொரு கோயிலில் குடமுழுக்கு இருக்கிறது, உன்னுடையதைத் தள்ளிவை என்று சொன்ன கதை. அந்தக் கற்றளி இந்தக் கைலாசநாதர்தான் என்பது பலரின் கருத்து.

இங்கே இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். அப்புறம் ஆட்டோ பிடித்து ஊரின் மறுபக்கம், ரயில் நிலையத்தின் அருகே இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். நடை சாத்துவதற்கு முன், பதினோரு மணிக்குள் போய்விட்டால் நல்லது. மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை காஞ்சியில் அநேகமாக எல்லாக் கோயில்களிலும் நடை சாத்தியிருக்கும். வெளியூர்க்காரர்களின் திட்டம் குலைவது பெரும்பாலும் இந்த நான்கு மணி நேரத்தில்தான்.

இது திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று தளங்களில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருகிறார். கட்டியவன் இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன். கோயிலைச் சுற்றி ஒரு திருச்சுற்று மண்டபம் ஓடுகிறது, சிங்கத்தூண்கள் தாங்க. அந்த மண்டபத்தின் சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பங்கள். அவை புராணக் காட்சிகள் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அது பல்லவ வம்சத்தின் வரலாறு. முதல் முன்னோர்களில் தொடங்கி, ஒவ்வொரு அரசனாக முடிசூட்டு, போர், கோயில் கட்டுதல் என்று வரிசையாகப் போகிறது.

அதில் ஒரு கதையைத் தேடிப் பிடியுங்கள். எட்டாம் நூற்றாண்டில் அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். அமைச்சர்களும் கடிகை என்ற கல்விக்கூடத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் ஒரு குழுவாகப் புறப்பட்டு, பல்லவக் குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய், ஆள ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மாட்டேன் என்கிறார்கள். 12 வயதுப் பையன் ஒருவன் நான் போகிறேன் என்கிறான். அப்பாவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் சம்மதிக்கிறார். காடு மலை ஆறுகளைக் கடந்து அந்தச் சிறுவன் காஞ்சிக்கு வந்து முடிசூடிக்கொள்கிறான். அவன்தான் நந்திவர்மன். தான் எப்படி அரசனானேன் என்பதைத் தானே கட்டிய கோயிலின் சுவரில் செதுக்கச் சொல்லி, சில காட்சிகளின் பக்கத்தில் விளக்க எழுத்தும் வெட்டவைத்தான். இந்தக் கதை நமக்குத் தெரிய அந்தச் சுவர்தான் முக்கியமான சான்று. ஒரு நாடு தன் அரசனைத் தேடிப்போய் அழைத்துவந்த கதை இப்படிக் கல்லில் இருப்பது நம் ஊரில். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வரலாற்று வகுப்பு கிடையாது.

மதிய நேரத்தைப் பட்டுக்கடையில் கழிக்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. புடவை வாங்க வேண்டுமானால் வாங்குங்கள். ஆனால் முதலில் தறியைப் பாருங்கள். பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் இன்றும் வீட்டுக்குள்ளிருந்து தறிச்சத்தம் கேட்கும். வாசலில் நின்று கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுகிற மனசு அங்கே இருக்கிறது. வேலை நடக்கும் நேரம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அவர்கள் குடும்பத்தைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருக்கும் கோர்வைப் புடவை எப்படி நெய்யப்படுகிறது என்று ஒருமுறை பார்த்தால் போதும். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு, மூன்றும் ஒவ்வொரு இழைக்கும் கோத்துக்கொண்டு போக வேண்டும். உதவிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள். உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்வது இந்தக் கோர்வையால்தான். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. உழைப்புதான் காஞ்சியுடையது. இதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். எது கைத்தறி, எது விசைத்தறி என்று கேட்கவும் தயங்க மாட்டார்கள். ஓட்டுநர் கூட்டிப்போகிற கடைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் ஊரிலேயே இருக்கின்றன.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். வரதராஜர் கோயில் பிரசாதமான குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவை ஊற்றி ஆவியில் வேகவைப்பது. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் மணக்கும். இலையின் வாசமும் சேர்ந்துவிடும். ஓட்டலில் டம்ளரில் வேகவைத்துத் தருவதும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இது வேறு.

சாயங்காலத்துக்கு இரண்டு வழி. கூட்டம் வேண்டாம் என்பவர்கள் திருப்பருத்திக்குன்றம் போகலாம். வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தைக் கட்டியவர் விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர், ஆண்டு 1387. அதன் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஊர்வலம், இசை, தீபாராதனை வேண்டும் என்பவர்கள் வரதராஜரிடம் போங்கள். நூற்றுக்கால் மண்டபத்தையும், ஒரே கல்லில் வளையம் வளையமாக வெட்டிய சங்கிலியையும் நிதானமாகப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே சாயங்காலத்தில் ஓடாதீர்கள். மாமல்லபுரத்தை இன்னொரு நாளுக்கு வையுங்கள். 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும்.

இவ்வளவு சொன்னதற்கு எனக்கு ஒரு ஆதங்கமும் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் வந்து நின்றால், எந்தக் காட்சி என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள வழியில்லை. முதல் பல்லவன் எங்கே, அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே என்று தெரியாமலேயே சுற்றிவந்து கிளம்புகிறார்கள். இந்தச் சிற்பங்களை 1930-களிலேயே ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிவைத்தவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். 1940-ல் இளம் வயதிலேயே காலமானார். அவர் செய்துவைத்த வேலையிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு வரி எடுத்து, எளிய தமிழில், எதிர்ச் சுவரையோ தூணையோ தொடாமல் தனிப் பலகைகளாக நட்டால் போதும். பொறுப்பில் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டு நான் எழுதப் போகிறேன். காஞ்சிக்காரர்கள், வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்கள் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போடுவதாக இருந்தால் கீழே சொல்லுங்கள்.