கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம்

"பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று புலம்புகிறவர்கள், அவனிடம் ஒரு நாள் முழுக்கத் தாங்கள் பேசியதை எழுதிப் பார்க்கட்டும். சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, பையை ஏன் இங்க போட்ட, சீக்கிரம் கிளம்பு. பாதி விசாரணை, மீதி உத்தரவு. ஆபீசில் நம்மிடம் யாராவது காலை முதல் இரவு வரை இப்படிப் பேசினால் நாமும் "ம்", "சரி" என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

பிள்ளையோடு நெருங்க வேண்டும் என்றதும் டூர், பரிசு என்று பெரிதாகத் திட்டம் போடுகிறோம். என்னைக் கேட்டால் அதெல்லாம் போனஸ். தினமும் கைக்கு வரவேண்டிய கூலி ஐந்து நிமிடம்தான்.

ஐந்து நிமிடம் என்பது நான் வாய்க்கு வந்தபடி சொல்வதல்ல. அடமும் முரண்டும் அதிகமாக உள்ள 2 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக, அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் வீட்டுப்பாடம் பெற்றோருக்கு: தினமும் ஐந்து நிமிடம் பிள்ளை இழுக்கிற இழுப்புக்கு விளையாட வேண்டும். தேர்ச்சி பெற ஒரு கணக்கும் உண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளை செய்வதை 10 முறை வாயால் சொல்ல வேண்டும், அது பேசியதை 10 முறை திருப்பிச் சொல்ல வேண்டும், இன்னதற்கு என்று குறிப்பிட்டு 10 முறை பாராட்ட வேண்டும். கேள்வி, உத்தரவு, குறை மூன்றும் சேர்ந்து 3-ஐத் தாண்டக் கூடாது. அடம் பிடிக்காத பிள்ளைக்கும் இது பொருந்தும். முயன்று பாருங்கள், முதல் நிமிடத்திலேயே அந்த மூன்றும் தீர்ந்துவிடும்.

பிள்ளை கட்டை அடுக்குகிறது. நம் வாயில் வருவது: "இது என்ன கலர்? எத்தனை கட்டை இருக்கு? சக்கரம் எங்க?" விளையாட்டு பரீட்சையாகிவிட்டது. அதற்குப் பதில் இப்படி:

"நீலக் கட்டையை மேல வைக்கிற."
"இது ரயில்."
"ஓ, ரயில்!"
"விழுந்துடுச்சு..."
"விழுந்துடுச்சு. கோபப்படாம மறுபடி அடுக்குறியே, சூப்பர்."

நீங்களும் பக்கத்தில் ஒரு ரயில் கட்டுங்கள். அதைவிட அழகாகக் கட்டிக் காட்டாதீர்கள்.

கட்டை, களிமண், கிரேயான் போதும். ஜெயிப்பு தோல்வி உள்ள ஆட்டம் வேண்டாம், விதி பேசியே நேரம் போய்விடும். போன் வேறு அறையில் இருக்கட்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் தனித்தனி ஐந்து நிமிடம். முதல் சில நாள் கிரிக்கெட் வர்ணனை மாதிரி இருக்கும், "ஏம்மா இப்படிப் பேசுற?" என்று பிள்ளையே கேட்கும். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். முடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிட்டால் கடைசியில் அழுகை குறையும்.

பெரும்பாலும் கெடுவது வேறு இடத்தில். "இன்னிக்கு நீ படுத்தின பாட்டுக்கு விளையாட்டு கிடையாது" என்று இதையே தண்டனையாக்கிவிடுகிறோம். படுத்திய நாளில்தான் அந்த ஐந்து நிமிடம் அதிகம் தேவை.

சரி, கத்திவிட்டோம். கத்தாத பெற்றோர் யார்? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் செய்த சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், குரல் கொடுக்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அல்லது அழும். பிறகு தாய் பழையபடி கொஞ்சத் தொடங்குவார், அறுந்தது மறுபடி ஒட்டத் தொடங்கும். நன்றாகப் பழகும் தாயும் சேயும்கூட எந்நேரமும் ஒத்துப்போவதில்லை, பிசகியதைச் சரிசெய்வதே முக்கியம் என்பது ட்ரோனிக்கின் வாதம்.

சரிசெய்வதற்கு இரண்டு வாக்கியம் போதும். "காலைல நான் கத்தினது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும்." அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று தொடர்ந்தால் மன்னிப்பு மறுபடி திட்டாகிவிடும். கத்தியதற்குத்தான் மன்னிப்பு, விதிக்கு அல்ல. இரவில் போன் கிடையாது என்றால் கிடையாதுதான்.

பத்து வயதைத் தாண்டியவர்களிடம் வர்ணனை எடுபடாது, சிரிப்பார்கள். எதிரே உட்கார வைத்து "மனசு விட்டுப் பேசு" என்றாலும் வராது. துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது, விளக்கணைத்த பிறகு, அதாவது கண்ணைப் பார்க்க வேண்டாத நேரத்தில் வரும். "மேத்ஸ் டீச்சர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க" என்றால் நம் முதல் வாக்கியம் "நீ என்ன பண்ணின?" பேச்சு அத்தோடு முடிந்தது. "எல்லார் முன்னாடியுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மீதி அவர்களே சொல்வார்கள். அறிவுரை நாக்கு நுனியில் நின்றால், "யோசனை வேணுமா, இல்ல நான் கேட்டா மட்டும் போதுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இவ்வளவும் செய்து, அன்று இரவே அதைப் போனில் சித்தியிடம் சொல்லிச் சிரித்தால் அடுத்த முறை வாய் திறக்காது. பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம், யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், யாரிடம், ஏன் சொல்லப் போகிறோம் என்பதை முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனை எடுங்கள்.