கைது பற்றிச் செய்தி வருகிறது, பணம் பற்றி வருவதில்லை
நிதிக் குற்றங்களைத் தடுக்க மலேசிய அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று பட்டர்வொர்த் சாப்பாட்டுக் கடைகளில் நம்மவர்கள் அடித்துச் சொல்லும்போது, அது முழு உண்மையல்ல என்றே எனக்குப் படுகிறது. 2022 அக்டோபரில் தேசிய நிதி மோசடி மறுமொழி மையம் தொடங்கப்பட்டது. 997 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துச் சொன்னால், பணம் கணக்கு விட்டுக் கணக்கு பாய்வதற்குள் அதை முடக்கிவிட வாய்ப்புண்டு. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, மோசடிப் பணத்தைக் கைமாற்றப் பிறர் கொடுத்துதவும் வங்கிக் கணக்குகளான 'கழுதைக் கணக்கு'களுக்கென்றே தனிப் பிரிவுகளையும் சேர்த்தார்கள்.

ஆனாலும் மக்கள் போடும் கணக்கு வேறு. எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பான வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு விதிக்கப்பட்ட 12 ஆண்டுச் சிறைத்தண்டனை, 2024இல் மன்னிப்பு வாரியத்தால் 6 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. வழக்குக்கு முகாந்திரம் உண்டு என்று எதிர்வாதம் செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், 2023 செப்டம்பரில் அரசுத் தரப்பே கேட்டுக்கொண்டதன்பேரில், அப்போது துணைப் பிரதமராக இருந்த சாஹிட் ஹமிடி ஊழல் உள்ளிட்ட 47 குற்றச்சாட்டுகளிலிருந்து, முழு விடுதலை ஆகாத வகையில், விடுவிக்கப்பட்டார். இவற்றுக்குச் சட்டக் காரணங்கள் இருக்கலாம். அவற்றை மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. அதனால்தான் 2025 டிசம்பரில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில் நஜிப்புக்கு 15 ஆண்டு விதிக்கப்பட்டபோதும், "இதையும் எப்போது பாதியாக்குவார்கள்?" என்ற கேள்வியே எங்கள் பக்கம் முதலில் எழுந்தது.

பெரிய வழக்குகளைவிட, கண்ணெதிரே நடப்பவைதான் இந்த அவநம்பிக்கையை வளர்க்கின்றன என்பது என் கருத்து. எங்கள் அடுக்குமாடியில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், ஊழியர் சேமநிதியில் எடுத்த பணத்தைக் கைப்பேசி வழி வந்த முதலீட்டுத் திட்டமொன்றில் போட்டு இழந்தார். போலீஸ் புகாரின் நகலை வங்கிப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். கேட்டால், விசாரணை அதிகாரி மாறிவிட்டார் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். அதே கட்டடத்தில், சில நூறு ரிங்கிட்டுக்காகத் தன் ஏடிஎம் அட்டையை யாரிடமோ கொடுத்த பையன் பிடிபட்டான். பிடிபட்டது சரிதான், அதில் எனக்கு இரக்கமில்லை. ஆனால் அட்டையை வாங்கியவன் யார், அவனுக்கு மேலே இருந்தவன் யார் என்று எவரும் சொல்லவில்லை.

சோதனை நடந்த மறுநாள் மேசையில் பணக்கட்டுகளை அடுக்கிப் படம் பிடிக்கும் அமைப்புகள், முடக்கிய தொகையில் எவ்வளவு, எத்தனை பேருக்குத் திரும்பியது என்பதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தமிழிலும் சேர்த்தே, வெளியிட வேண்டும். புகார் கொடுத்தவருக்கு, வழக்கு மூடப்பட்டிருந்தாலும்கூட, அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.